வியாழக்கிழமை வரிகள்

எல் ஆல்ட்டோவில் காலை ஆறு மணிக்கு
எண்ணெய் தேன் போல இறங்கும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்.
ஸ்பிண்டிலை இருபது நிமிடம் சும்மா சுற்ற விடுவேன்,
கட்டர் மாட்டாமல்,
என் ஊதாச் சோளக் கஞ்சி தீரும் வரை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல, வரிகளைப் பற்றி.

பம்ப் உறை, வார்ப்பிரும்பு.
கடைசிச் சீவல் கால் மில்லிமீட்டர்.
துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்
முகம் முழுக்க அலை.
நகத்தால் வருடினால் டிக் டிக் டிக்.
தோன் செனோபியோ திருப்பி அனுப்பினார்:
"கேஸ்கெட் உட்காராது, ஃபிதேலியா. தண்ணீர் கசியும்."

முதலில் கட்டரைக் கழற்றினேன்.
நான்கு பல்லில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது,
நான்கு பேர் வீட்டில் ஒருத்தியே பாத்திரம் கழுவுகிற கதை.
காலெட்டுக்குள் ஒரு சுருள் பிசிறு.
எடுத்தேன், துடைத்தேன், புது கட்டர் மாட்டினேன்.
மறுநாள் முகம் கண்ணாடி.
பிசிறைத் திட்டி நோட்டில் எழுதினேன்: தீர்ந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் அலை.

லிம்பெர்த் சொன்னான், பேரிங்.
லிம்பெர்த்துக்கு எல்லாம் பேரிங்தான்,
அவன் தலைவலி உட்பட.
அந்த பேரிங்கின் விலை எங்கள் இரண்டு மாத வாடகை.
அதனால் முதலில் காசில்லாத வைத்தியம்:
டேபிள் கிப்பை அரைச் சுற்று இறுக்கினேன்.
வேகத்தைக் குறைத்து நகர்வைக் கூட்டினேன்.
பயந்து பயந்து ஊட்டினால் கட்டர் வெட்டாது, உரசும்;
உரசினால் கத்தும்.
கைச்சக்கரத்தைத் திருப்பினேன்,
பதினைந்து கோடு வரை டேபிள் அசையவில்லை,
கூப்பிட்டதும் எழுந்திருக்காத பிள்ளை.
அது பழைய குறை. அதற்காகவே எப்போதும்
எதிர்வெட்டுதான் வெட்டுகிறேன்.

மறுநாள் கண்ணாடி.
நோட்டில்: கிப்தான் காரணம். தீர்ந்தது.

மூன்றாம் முறை தலையைச் சந்தேகித்தேன்.
புதன் இரவு டயல் இண்டிகேட்டரை நிறுத்தி
டேபிளைச் சுற்றி அளந்தேன்.
இரண்டு நூறில் சாய்வு. நிமிர்த்தினேன்.
கண் எரிந்தது.
டயலை எடுக்காமலே கதவைப் பூட்டினேன்.

காலையில் வந்தேன்.
மெயின் ஸ்விட்ச் கீழே இருந்தது.
மெஷின் அணைந்து, குளிர்ந்து, ஊமையாய்.
முள் நடுங்கிக்கொண்டிருந்தது.

கஞ்சி ஆறும் வரை அதையே பார்த்தேன்.
பிறகு நோட்டைத் திறந்து
கெட்ட உறைகளின் தேதியை மட்டும் படித்தேன்:
வியாழன். வியாழன்.
அவசர வேலைக்கு வந்த ஒரு ஞாயிறு.
வியாழன்.

சந்தை நாட்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி
பழைய கார் கதவுகளை அடுக்கிக்கொண்டு
எங்கள் தரையின் விளிம்பிலேயே நின்று உறுமியது.
இத்தனை நாளும் நன்றி வாங்கியது பிசிறும் கிப்பும்;
வேலை செய்தது வெள்ளிக்கிழமை.

வெளியே போனேன்.
அகலப் பாவாடையும் சிறு தொப்பியுமாய்
சரக்கின் சொந்தக்காரி கதவு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"உங்கள் லாரி பேசுவது என் மெஷினுக்குக் கேட்கிறது" என்றேன்.
"என்ன பேசுகிறதாம்?"
"கோணல் கோணலாய்."
சிரித்தாள். அணைக்க மாட்டாள்.
இந்தக் குளிரில் அணைத்தால்
மத்தியானம் வரை கிளம்பாது,
எண்ணெய் கட்டிவிடும் என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன வாதாட,
இருபது நிமிடம் சும்மா சுற்ற விடுகிறவள்?

இப்போது வியாழன்களில் முரட்டு வெட்டு மட்டும்.
அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து
வெள்ளிக்கு அடுக்குகிறேன்.
தோன் செனோபியோ இன்னும் எதையும் திருப்பவில்லை,
பணத்தையும்தான்.

டயலை ஓரமாய் நிறுத்தியே வைத்திருக்கிறேன்.
முள் நடுங்கினால் சந்தை கூடிவிட்டது.
லிம்பெர்த்தைச் சுடச்சுட சல்தேன்யா வாங்க அனுப்புவேன்.
வாசலில் ஒரு நிமிடம் திரும்பி நிற்பான்:
"எதற்கும் அந்த பேரிங்கை ஒரு தடவை..."